எதிர்ப்பக்கம் நின்ற அப்பா

அந்த ஓவியத் தாளை இன்னும் தூக்கிப் போடவில்லை. மெழுகுக் கலரில் ஒரு வீடு, வீட்டை விடப் பெரிதாக ஒரு பூனை, மூலையில் பாதிச் சூரியன். பூனையின் வால் மேல் டயர் தடம். தாளின் முக்கால் அகலத்தை அந்தத் தடமே எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் மகள் வரைந்தது. பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒட்டி வைக்கவும் மனமில்லை, கிழித்துப் போடவும் மனமில்லை.

நடந்தது இவ்வளவுதான். சாயங்காலம் நாலே கால் மணிக்கு ஸ்கூல் பஸ் வரும். பஸ் நிற்பது சாலையின் அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். ஒன்றரை வருடமாக நான் இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் நிற்பேன். நிழல் இருக்கும், வீட்டு கேட்டும் பக்கம். பஸ் வந்ததும் அவள் இறங்கி, பஸ்ஸின் மூக்கைச் சுற்றி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வருவாள். அன்றைக்கும் இறங்கினாள். முதுகில் பை, கையில் சுருட்டிய தாள். நான் கையைத் தூக்கினேன். "வா" என்று சொன்னேனா என்பது நினைவில்லை, கையைத் தூக்கியது நன்றாக நினைவிருக்கிறது. அவள் பஸ்ஸுக்கு முன்னால் பாதி வந்திருப்பாள், தாள் நழுவியது. குனிந்தாள். உள்ளே ஆயா கதவைச் சாத்திவிட்டு "ரைட்" சொல்லிவிட்டார். பஸ் நகர்ந்தது.

எனக்குக் குரலே வரவில்லை. கதவுப் பக்கம் நின்றிருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா பஸ்ஸின் பாடியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பஸ் குலுங்கி நின்றது. பம்பருக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அதே நேரத்தில் பஸ்ஸை ஒட்டி ஒரு பைக் முந்திக்கொண்டு போனது. தாள் நழுவாமல் இருந்திருந்தால் அவள் நேராக அந்த பைக்குக்கு முன்னால்தான் போயிருப்பாள். இதை யோசித்தால் அந்தத் தாளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. அந்த அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார், பஸ் போனது, தாள் மட்டும் சாலையில் தடத்தோடு கிடந்தது.

முதல் வாரம் முழுக்க நான் திட்டியது அந்த பைக்காரனைத்தான். பிறகு டிரைவரை. பிறகு ஆயாவை. ஒரு நாள் சாப்பிடும்போது மகளையே, "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பஸ்ஸுக்கு முன்னாடி நிக்காதேன்னு?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அப்படி நான் ஒருமுறை கூடச் சொன்னதில்லை என்பது ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. "ரெண்டு பக்கமும் பாத்து வா" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

டிரைவர் சீட்டில் ஐந்து நிமிடம்

ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மைதானத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. எங்கள் தடத்து டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நான் பேசி முடிக்கும்வரை துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். அப்புறம், "ஏறி உக்காருங்க சார்" என்றார். எங்கே என்று புரியவில்லை. "என் சீட்லதான். பாப்பாவை முன்னாடி நிறுத்துவோம்."

நான் கார் ஓட்டுகிறவன். பஸ்ஸும் அதே மாதிரிதான், கொஞ்சம் பெரிசு என்ற நினைப்பு இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அது போய்விட்டது. தரை எங்கேயோ கீழே கிடந்தது. சாலையின் தூரமெல்லாம் அழகாகத் தெரிகிறது. எதிரே நாற்பதடி தள்ளி நிற்கும் வேப்பமரத்தின் வேர் கூடத் தெரிகிறது. என் மகள் எங்கே என்றேன். "நிக்கிறா சார், பம்பரைத் தொட்டுக்கிட்டு" என்றார் வெளியிலிருந்து. காணவில்லை. கழுத்தை நீட்டினேன், எழுந்திரிக்காத குறைதான். "பாப்பா, கையைத் தூக்கு" என்றார். கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் நுனி தெரிந்தது.

"இப்ப பின்னாடி ஒரு ஒரு அடியா வா பாப்பா." ஒரு எட்டு வைத்தாள். முழுக் கை. இன்னொரு எட்டு, தலையில் கட்டிய ரிப்பன். மூன்றாவதில் நெற்றி. நான்காவது எட்டில்தான் முகம் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது விளையாட்டு. முன்பக்கம் மாட்டியிருக்கும் உருண்டைக் கண்ணாடியைக் காட்டினார். அதில் பம்பர் தெரிகிறது, அவளும் தெரிகிறாள், ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்கு. ஆள் இருக்கிறது என்று தெரிந்து தேடினால் கிடைக்கும் அளவு. "இதுல வெயில் நேரா அடிக்குதுன்னு வச்சுக்கோங்க. உள்ள நாப்பது புள்ளைங்க சத்தம். பின்னாடி ஹாரன். ஆயா ரைட்டுங்குது. நான் என்ன சார் பண்ணுவேன்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் பதில் இருக்குமா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

இறங்கும்போதுதான் அதைச் சொன்னார். நான் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான். "நான் இருபது வருசமா பாக்குறேன் சார். புள்ளைங்க வண்டியைப் பாத்து ஓடுறதில்ல, ஆளைப் பாத்துதான் ஓடுதுங்க. அப்பா அம்மா கதவுப் பக்கம் நின்னா, இறங்கினது அங்கேயே நிக்கும். எதிர்ப்பக்கம் நின்னா என் வண்டிக்கு முன்னாடிதான் போகும். எந்தப் புள்ள எந்தப் பக்கம் பாயும்னு நான் ஸ்டாப்ல நிக்கிற ஆளை வச்சே சொல்லிருவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க அந்த மரத்தடிதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். மரத்தடியில் நிழலுக்காக நின்றேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பாதியைக் காப்பியடித்தால்

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சி வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் தேடுபொறிக்குப் போகிற ஆள். பள்ளிப் பேருந்தில் ஆபத்தான இடம் பேருந்துக்குள் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழைய செய்தி. பஸ்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 3 மீட்டரை அபாய வட்டம் என்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலக் கல்வித்துறை, ஏறும்போதும் இறங்கும்போதும் நாடு முழுக்க இறந்துபோகும் குழந்தைகளின் கணக்கை 1970 முதல் எடுத்து வருகிறது. அதில் மிகச் சிறிய பிள்ளைகளே அதிகம். அவர்களில் பெரும் பங்கினரை அடித்தது முந்திக்கொண்டு வந்த வண்டியும் இல்லை, அவர்கள் ஏறி இறங்கிய அதே பஸ்தான். ஒரு வாரமாக பைக்காரனைத் திட்டியவனுக்கு இது நல்ல மருந்து.

பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1939இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் முடிவானது அது. விடியலிலும் அந்தியிலும் மஞ்சள் சட்டென்று கண்ணில் படும், அதன் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும். என்னை அதை விட ஈர்த்தது ஒரு சின்னச் சோதனை. பஸ் படியில் பிடித்து இறங்குகிற கைப்பிடிக் கம்பி இருக்கிறதல்லவா, அதன் அடியில் உள்ள இடுக்கில் பிள்ளைகளின் சட்டைக் கயிறோ பை வாரோ மாட்டிக்கொண்டு, கதவு சாத்தியதும் பஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போன கொடுமைகள் அங்கே நடந்திருக்கின்றன. அதனால் ஒரு கயிற்றின் நுனியில் அரை அங்குல நட்டைக் கட்டி, கைப்பிடியில் மேலிருந்து கீழாக இழுத்துப் பார்க்கிறார்கள். நட்டு எங்காவது மாட்டினால் அந்தக் கைப்பிடியை மாற்ற வேண்டும். செலவே இல்லாத சோதனை. நான் மறுவாரமே ஒரு சணல் கயிற்றோடு போய் எங்கள் பஸ்ஸில் செய்து பார்த்தேன், டிரைவர் சிரித்தார். மாட்டவில்லை.

இனி, என்னைக் குழப்பிய இடம். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருகிறார்கள்? எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் பஸ் நிற்கும்போதே, பஸ்ஸுக்கு முன்னால் 3 மீட்டர் தள்ளிப் போய், டிரைவரின் முகத்தைப் பார்த்து, அவர் சைகை காட்டிய பிறகு கடக்க வேண்டும். பல பஸ்களில் முன் பம்பரிலிருந்து ஒரு நீளக் கம்பி கேட்டைப் போல விரிகிறது. பிள்ளை அதைச் சுற்றித்தான் போக முடியும், டிரைவர் கண்ணில் படாமல் ஒட்டிப் போக முடியாது. ஆஸ்திரேலியாவில் சொல்லித்தருவதோ நேர் எதிர். பஸ் போகும்வரை ஓரத்திலேயே நில், பஸ் போய் சாலை முழுசாகத் தெரிந்த பிறகு கட.

இரண்டில் எது சரி? நான் இரண்டு நாள் இதில் உட்கார்ந்திருந்தேன். பதில் பிள்ளையிடம் இல்லை, சாலையில் வரும் மற்ற வண்டிகளிடம் இருக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், நடுவே தடுப்பு இல்லாத, போக ஒரு வரிசை வர ஒரு வரிசை உள்ள சாலையில், ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கை மினுக்கி, பக்கவாட்டில் 'நில்' பலகையை விரித்துவிட்டால் இரண்டு திசை வண்டிகளும் நின்றுவிட வேண்டும். அந்த நிற்றலை நம்பித்தான் பிள்ளையைப் பஸ் முன்னால் அனுப்புகிறார்கள். வேறு சில இடங்களில் வண்டிகள் நிற்க வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். நியூசிலாந்தில் ஏற்றி இறக்கும் ஸ்கூல் பஸ்ஸை இரண்டு திசையிலும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கடக்கக்கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 25. அதே நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பஸ்ஸின் விளக்கு மினுங்கினால் பின்னால் வரும் வண்டிகளுக்கு 40. வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும் சாலையில் பஸ்ஸுக்கு முன்னால் கடப்பது என்பது திரைக்குப் பின்னாலிருந்து பாய்வதுதான். ஆக, நான் என் மகளுக்குப் பழக்கியிருந்தது ஒரு நாட்டு முறையின் பாதி. பஸ் முன்னால் கடக்கும் பாதி. வண்டிகள் நிற்கும் மறுபாதி எங்கள் சாலையில் கிடையவே கிடையாது.

நியூ சவுத் வேல்ஸ் அரசு பெற்றோருக்குத் தரும் அறிவுரையில் ஒன்று இருக்கிறது. பிள்ளையை பஸ் நிற்கும் இடத்திலேயே போய்க் கூட்டிக்கொள்ளுங்கள், சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு கூப்பிடாதீர்கள். டிரைவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னதும் இதைத்தான்.

'ரெண்டு பக்கமும் பார்த்து வா'

என் ஒரே உபதேசமான இதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் சொன்னபடி பார்த்துத்தான் வருவாள். கழுத்தை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, பிறகு ஓட்டம். பார்க்கிறாள், சரி. என்ன தெரிகிறது அவளுக்கு? லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. தூரத்தில் வரும் வண்டி, கிட்ட வர வர கண்ணுக்குப் பெரிதாகிக்கொண்டே போகும். அந்தப் பெரிதாவதை வைத்துத்தான் வருகிறது என்று உணர்கிறோம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கண்ணுக்கு, மணிக்கு 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வருகிற வண்டி நெருங்குவது சரியாகப் பிடிபடுவதில்லை என்று கண்டார்கள். கவனக்குறைவு இல்லை, வளராத திறன். வேகமாக வரும் வண்டி அவர்களுக்கு நிற்கிற வண்டி போலவே தெரியலாம். ஸ்வீடனில் ஸ்டீனா சாண்டல்ஸ் என்ற ஆய்வாளர் 1960களிலேயே, சின்னப் பிள்ளைகளைப் பயிற்சியால் போக்குவரத்துக்குப் பொருத்திவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்குப் பொருத்த வேண்டும் என்று வாதாடியிருக்கிறார்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. ஓட்டுகிறவர் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். ஓடுகிற பிள்ளைக்கு அது ஒரு நொடி. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகு, சொல்லித்தருவதால் இது தீரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. சொல்லித்தர வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லித்தந்துவிட்டோம் என்று நாம் ஓய்வெடுக்க முடியாது.

சரி, சட்டத்தைக் கடுமையாக்கினால்? வண்டிகள் நிற்க வேண்டும் என்று சட்டம் உள்ள அமெரிக்காவிலேயே பஸ் டிரைவர்கள் ஒரே ஒரு நாள் கணக்கெடுத்தால் சட்டத்தை மீறிக் கடந்த வண்டிகள் பல்லாயிரம் தேறுகின்றன. 2018 அக்டோபர் 30 அன்று இந்தியானா மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்ற ஊருக்கு அருகில் நடந்தது இன்னும் மோசம். விடிவதற்கு முன், பஸ் நின்று, சிவப்பு விளக்கு மினுங்கி, 'நில்' பலகை விரிந்திருந்தது. பிள்ளைகள் பஸ் ஏறச் சாலையைக் கடந்தார்கள். எதிரே வந்த பிக்அப் வண்டி நிற்கவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இறந்தார்கள். ஓட்டிய பெண் விளக்குகளைப் பார்த்திருக்கிறார், அது ஸ்கூல் பஸ் என்று அவருக்குப் புரியவில்லை. இருக்க வேண்டிய கருவி எல்லாம் இருந்தது, வேலையும் செய்தது. அடுத்த வருடம் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தில் தண்டனையை ஏற்றியதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். வேறு வழியே இல்லாத இடம் தவிர, மாநில நெடுஞ்சாலையைப் பிள்ளை கடந்தாக வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தக்கூடாது.

இதைப் படித்துவிட்டு நான் கணினியை மூடினேன். கேள்வியே வேறாகிவிட்டது. பிள்ளை எப்படிப் பத்திரமாகக் கடப்பது என்று எத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏன் கடக்க வேண்டும்?

பன்னிரண்டு நிமிடம்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பஸ் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வீட்டு வாசல் பக்கமே இறங்கலாம். கேமரா வைக்கலாம், ஆயாவுக்கு விசில் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கலாம் என்று ஆளுக்கொன்று வந்தது. தடத்தை மாற்றுவது பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பஸ் பொறுப்பாளர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் கூடுகிறது என்றார். உடனே கடைசி ஸ்டாப் பெற்றோர் இரண்டு பேர் எதிர்த்தார்கள். ஏற்கெனவே எங்கள் பிள்ளை முக்கால் மணி நேரம் பஸ்ஸில் இருக்கிறது, இறங்கும்போது தூங்கி விழுகிறது என்றார்கள். அது பொய்யில்லை. அந்தப் பிள்ளையை எனக்கும் தெரியும், ஆயா தூக்கித்தான் இறக்குவார். என் பிள்ளையின் ஒரு நிமிட ஆபத்துக்கு அந்தப் பிள்ளையின் பன்னிரண்டு நிமிடத்தை, அதுவும் தினமும், நான் கேட்கிறேன். கேட்பது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் குரலை உயர்த்திக் கேட்க முடியவில்லை.

முடிவு வரும்வரைக்கு ஒரு ஏற்பாடு. எட்டு வீட்டுப் பெரியவர்களும் கதவுப் பக்கம்தான் நிற்க வேண்டும். பெரியவர் கையில் பிள்ளையை ஒப்படைத்த பிறகுதான் ஆயா கதவைச் சாத்த வேண்டும், சாத்திய பின் முன்பக்கம் எட்டிப் பார்த்துத்தான் "ரைட்". வர முடியாதவர் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தாத்தாவுக்கு முழங்கால் வலி, சாலையைக் கடப்பது பெரும்பாடு. அவர் பேரனை நான் கூட்டி வருகிறேன். முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஒழுங்காக நின்றோம். மூன்றாவது வாரம் மழை. நாலு பேர் இந்தப் பக்கக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு கையை ஆட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒன்றரை வருடம் மரத்தடியில் நின்றவன் நான். ஆயா கதவைத் திறக்காமல் நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாலு பேரும் குடையை விரித்துக்கொண்டு வந்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த ஆயாவையும் ஒரு வாரம் திட்டியவன்தான் நான்.

தடம் மாற்றுவதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். சாயங்காலம் நாலேகாலுக்கு நான் அந்தப் பக்கம் நிற்கிறேன், அங்கே நிழல் கிடையாது. மகள் இறங்குகிறாள், தாத்தாவின் பேரன் இறங்குகிறான், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களை எண்ணிவிட்டுத் தலையை ஆட்டுவார். பஸ் போகும். ஒன்றரை வருடம் பஸ்ஸின் பக்கவாட்டை மட்டுமே பார்த்த எனக்கு, அது நகர்ந்ததும் சாலை இரண்டு பக்கமும் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்பது இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

"பஸ் போயிருச்சுப்பா, போலாமா?" என்கிறாள்.

"அந்த வேன் போகட்டும்."

"அது ரொம்ப தூரத்துல இருக்கு."

"இருக்கட்டும்."

மூன்று பேரும் வேன் போவதற்காக நிற்கிறோம்.